குலதெய்வமான சாஸ்தா கோவிலில் மனசை விட்டுப் போகாத சந்திப்பு உண்டா?

தேரிக்காட்டான்
போன பங்குனி உத்திரம். பொங்கல் இறக்கி, தேங்காய் உடைக்கிற நேரம். ஒரு பாட்டி கூட்டத்தை விலக்கி வந்து பூசாரி கையைப் பிடித்துவிட்டார். "மொதத் தேங்கா எங்களுக்குல்லா?" பக்கத்து ஊர், வேற சமுதாயம். பெரியப்பா சத்தம் போட்டார். பாட்டி அசரவே இல்லை. என் பூட்டன் பெயரைச் சொல்லி, "அவுக இருந்தா இப்படிப் பேசுவாகளா?" என்றார். அந்தப் பெயரை நான் பழைய பத்திரத்தில்தான் பார்த்திருக்கிறேன், வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதல் தேங்காய் எங்களுக்குத்தான் உடைந்தது. பெரியப்பாவிடம் விவரம் கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

மாஞ்சோலைப் பேரன்
உங்கள் பூட்டனுக்குச் சாட்சி சொல்லவாவது ஆள் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காட்டுக்குத் தேயிலை வேலைக்கு ஏறியவர் எங்கள் தாத்தா. அதற்கு முந்திய கதை யாருக்கும் தெரியாது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் "உங்க சாஸ்தா எது?" என்றார்கள். அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சொரிமுத்து அய்யனார்." மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "தெரியாதவுக எல்லாரும் அதத்தான் சொல்லுவாக." கல்யாணம் நடந்தது, அத்தான் தங்கமான மனுஷன். அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

பாளையங்கோட்டை அண்ணாச்சி
தம்பி, சொரிமுத்தையாவைச் சொல்வதில் என்ன குறைச்சல்? ஆடி அமாவாசைக்குக் காரையாறு பக்கம் குடில் போட்டுத் தங்குகிற கூட்டத்தைப் பார்த்ததில்லையா? ஆனாலும் தேடினால் கிடைக்கும். மலையேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பங்காளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். குடும்பத்துப் பழைய பெயர்களை எழுதுங்கள். சுடலைமுத்து, இசக்கி, பூதத்தான், கற்குவேல் என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். காவல் தெய்வம் பிடிபட்டால் சாஸ்தாவை நெருங்கிவிடலாம். முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்று அத்தைமாரைக் கேளுங்கள், ஆம்பிளைகளுக்கு ஞாபகம் இருக்காது. குறி கேட்கப் போய்க் காசைக் கரைக்காதீர்கள். எனக்கும் ஏரல் பக்கத்து அத்தை ஒருத்தி சொல்லித்தான் தெரியும். தேரிக்காட்டான், பாட்டிக்கு முதல் தேங்காயை விட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கன்னடியன் கால்
எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டுக்காரர். அவர் திண்ணையில் இருந்தால் கீழத்தெரு ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடப்பார்கள், என் சின்ன வயதில் நானே பார்த்தது. ஒரு ஆடி அமாவாசைக்கு அதே ஆள் சொரிமுத்தையன் கோவிலில், பட்டவராயனுக்கு நேர்ந்த தோல் செருப்பைத் தலையில் சுமந்து எதிரே வருகிறார். "யாருக்குப் பாட்டையா?" என்றேன், தெரிந்துகொண்டேதான். "சாமிக்குலே, வழிய விடு." செருப்புத் தைக்கிறவர் வீட்டில் பெண்ணெடுத்த சாமி!

பாளையங்கோட்டை அண்ணாச்சி
அப்படி முடிவுகட்ட வேண்டாம். பட்டவராயன் கட்டிய பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள். செருப்புத் தைக்கிற வாலப்பகடை எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான். வில்லுப்பாட்டில் வருகிறதே.

கன்னடியன் கால்
சில பேர் அப்படிப் பாடுவார்கள் அண்ணாச்சி. யார் மனசு நோகக்கூடாது என்று சேர்த்தார்களோ! பட்டவராயனாகிய முத்துப்பட்டன் பூணூலை அறுத்துப் போட்டுச் செருப்புத் தைக்க உட்கார்ந்ததும் அதே பாட்டில்தானே வருகிறது? அதைக் கோவில் கொடைவிழா தவறாமல் கேட்டவர்தான் அந்தத் திண்ணைக்காரர்.