இறக்கத்தில் ஹேண்டில் தானாக முன்னால் சுழன்றது: எதை இறுக்குவது?

வெள்ளவத்தை மிதிகாரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானில் இருந்து இறக்குமதியான பழைய மவுண்டன் பைக். 2022 இல் பெட்ரோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் வாங்கியது. வாரநாட்களில் கொழும்பு மரைன் டிரைவ் வழியாக வேலைக்குப் போகிறேன். லீவு கிடைத்தால் நண்பர்களோடு வானில் ஏற்றிக்கொண்டு இங்கிரியப் பக்கம் இறப்பர் தோட்டங்களுக்குள் ஓட்டுவதுண்டு.

போன ஞாயிறு அங்கே ஓர் இறக்கத்தில், வேர் ஒன்றைத் தாண்டி முன்சக்கரம் தரையில் குத்தியதும் ஹேண்டில் அப்படியே முன்பக்கமாகக் கீழே சுழன்றுவிட்டது. பிரேக் பிடிகளும் அதோடு தரையைப் பார்த்துத் திரும்பிவிட்டன. என் பாரம் முழுவதும் கைகளில் இருந்ததால் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுந்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, மற்றபடி சிராய்ப்புதான்.

என்னைக் குழப்புவது இதுதான். கொஞ்சநாள் முன்பு ஹேண்டில் ஆடுகிறது என்று சைக்கிள் திருத்தும் ஒரு பாஸிடம் காட்டினேன். அவர் ஸ்டெம்மின் (ஹேண்டிலை முன்சக்கரக் குழாயோடு இணைக்கும் துண்டு) உச்சியில் இருக்கும் போல்ட்டை நன்றாக இறுக்கித் தந்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இப்போதும் அந்தப் போல்ட் கல்லுப்போல இறுக்கமாகத்தான் இருக்கிறது. பிறகு எப்படிச் சுழன்றது?

இறக்கப் பித்தன்

மச்சான், முன்னால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிவிடு. கொஞ்சம் மரைப்பசையும் பூசு. எனக்கும் ஒருமுறை இப்படி அசைந்தது, அதற்குப் பிறகு அசையவே இல்லை.

ஓய்வுபெற்ற பிட்டர்

தம்பி, முதலில் அந்தப் பாஸைத் திட்டுவதை விட்டுவிடுங்கள் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதுக்குள் திட்டியிருப்பீர்கள்). அவர் வயதுக்காரர்கள் கைபழகியது ராலே மாதிரியான பழைய சைக்கிள்களில். அவற்றில் ஸ்டெம்மின் உச்சியில் இருக்கும் நீளப் போல்ட் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் ஆப்பை மேலே இழுக்கும். ஆப்பு குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு ஸ்டெம்மைப் பிடிக்கும். அங்கே உச்சிப் போல்ட்தான் எல்லாம்.

உங்களுடையதில் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகள் ஸ்டெம்மை, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் (fork) குழாயோடு கவ்விக்கொண்டிருக்கும். அதுதான் புதிய வகை. இதிலும் உச்சியில் ஒரு மூடியும் போல்ட்டும் உண்டு, ஆனால் அதன் வேலை வேறு. அது குழாய்க்குள் இருக்கும் நட்சத்திர நட்டை மேலே இழுத்து, ஹெட்செட் போல்ஸ்களில் (அந்தக் குழாய் சுழல உதவும் குண்டுகளில்) உள்ள ஆட்டத்தை எடுக்கும். அவ்வளவுதான். பக்கப் போல்ட்டுகள் இறுகியபின் அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டாலும் ஸ்டெம் அசையாது. மாறாக, பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் உச்சியை மட்டும் முறுக்கினால் எதுவும் நடக்காது. இறுக்கிய திருப்தி மட்டும் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே போல்ட் என்பதால்தான் இத்தனை பேர் விழுகிறார்கள்.

இனி உங்கள் விழுகைக்கு வருவோம். முன்சக்கரம் நேராக நிற்க ஹேண்டில் மட்டும் இடம், வலமாகத் திரும்பியிருந்தால் பக்கப் போல்ட்டுகளைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது முன்னோக்கிச் சுழன்றிருக்கிறது. அப்படியானால் வழுக்கியது, முன்னால் நான்கு போல்ட்டுகளால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் முன்தட்டுக்குள். பாஸ் தொட்ட இடத்துக்கும் வழுக்கிய இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து நம் இறக்கப் பித்தனுக்கு. பல்லைக் கடித்து இறுக்காதீர்கள். அநேகமான ஸ்டெம்களில் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கும். அலன் சாவியில் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் ஏறக்குறைய ஐந்து கிலோ பாரத்தின் அழுத்தம், அதற்கு மேல் இல்லை. அதைத் தாண்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும், அல்லது தட்டின் ஓரம் ஹேண்டிலில் பள்ளம் பதிக்கும். சுழன்ற ஹேண்டிலைத் திருப்பி வைக்கலாம், பள்ளம் விழுந்த ஹேண்டில் ஒருநாள் அந்த இடத்திலேயே முறியும். முறிவு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய அணியின் அலெக்ஸ் போர்ட்டர் விழுந்த காட்சியைத் தேடிப் பாருங்கள். வேரோ கல்லோ இல்லாத வழவழப்பான ஓடுபாதையில், வேகத்தின் நடுவே, ஹேண்டில் கையோடு வந்துவிட்டது. காரணம் வேறு, ஆனால் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது அதில் தெரியும்.

மரைப்பசை அதிர்வில் போல்ட் கழலாமல் தடுக்கும். போல்ட் கழலாமலேயே ஹேண்டில் வழுக்கினால் பசை என்ன செய்யும்?

நீங்கள் செய்ய வேண்டியது இது. முன்தட்டைக் கழற்றுமுன் மேலும் கீழும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே மூடிக் கீழே திறந்திருந்தால், ஒரு பக்கத்தையே முழுதாக இறுக்கியிருக்கிறார்கள். (சில ஸ்டெம்கள் மேற்பக்கம் முழுதும் மூடும்படியே செய்யப்பட்டவை, அப்படியானால் தட்டிலேயே எழுதியிருக்கும்.) போல்ட்டுகளில் கறள் இருக்கிறதா பாருங்கள். கடற்கரையோரம் பல்கனியில் நிற்கும் சைக்கிளுக்கு இது முக்கியம். கறள் பிடித்த மரை, நீங்கள் கொடுக்கும் முறுக்கைத் தானே தின்றுவிடும். முறுக்கை அளக்கும் டோர்க் சாவி "போதும்" என்று கிளிக் செய்யும், தட்டு ஹேண்டிலைப் பாதிதான் பிடித்திருக்கும். கழற்றியதும் ஹேண்டிலின் நடுப்பகுதியைத் துடைக்காமல் படமெடுத்துப் போடுங்கள்.

வாட்டுத் தாதி

சைக்கிளை அண்ணாமார் பார்த்துக்கொள்ளட்டும், நான் மணிக்கட்டைக் கேட்கிறேன். பெருவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் இரண்டு தசைநாண் கயிறுகளுக்கு நடுவே ஒரு குழி விழும். அதை அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் இன்றே எக்ஸ்ரே எடுங்கள். கையை ஊன்றி விழுபவர்களுக்கு அங்கே இருக்கும் ஸ்கேபாய்ட் என்ற சிறிய எலும்பு வெடிப்பது வழக்கம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் வலி நீடித்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடி காட்டுங்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே போய்விடும்.

வெள்ளவத்தை மிதிகாரன்

அக்கா, நன்றி. அழுத்தினால் வலித்தது. எக்ஸ்ரேயில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை என்றார்கள், ஆனாலும் பெருவிரலோடு சேர்த்துக் கட்டுப்போட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கழற்றியது தம்பிதான், நான் பக்கத்தில் இருந்து ஏவினேன்.

ஐயா, தட்டின் இடைவெளி மேலும் கீழும் சமமாகவே இருந்தது. போல்ட் தலைகளில் மட்டும் லேசான கறள். ஆனால் தட்டை எடுத்ததும் உள்ளே ஹேண்டிலைச் சுற்றி ஏதோ பளபளத்தது. முதலில் அதுவும் ஸ்டெம்மின் ஒரு பாகம் என்று நினைத்தோம். தம்பி நகத்தால் நெம்பி எடுத்தான். சோடா டின்னில் இருந்து வெட்டிய தகரம்! மூன்று சுற்று. சிவப்பு எழுத்தில் பாதிகூட இன்னும் அழியவில்லை. ஓரங்கள் கத்திரிக்கோலால் கோணலாக வெட்டப்பட்டு, சுழன்ற இடத்தில் தகரம் மடிந்து சுருங்கியிருக்கிறது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற தூள். படம் கீழே.

வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும். விற்றவர் "ஸ்டெம் மாற்றிப் புதிதாகப் போட்டிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

இறக்கப் பித்தன்

மரைப்பசை யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

ஓய்வுபெற்ற பிட்டர்

நான் ஊகித்ததைவிட மோசம். பழைய மவுண்டன் ஹேண்டில் நடுவில் 25.4 மில்லிமீட்டர். யாரோ பழைய ரேஸ் சைக்கிள் ஸ்டெம்மைப் போட்டிருக்கிறார்கள், அது 26.0. வித்தியாசம் 0.6. டின் தகரம் ஏறக்குறைய 0.1, மூன்று சுற்றுச் சுற்றினால் இரு பக்கமும் சேர்த்துக் கணக்குச் சரியாக வரும். வெட்டியவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் எரிச்சல். சமதரையில் வருடக்கணக்கில் தாங்கும். வேரில் குத்தினால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அந்தச் சாம்பல் தூள் அலுமினியம் உரசியது, அதாவது ஞாயிறுக்கு நெடுநாள் முன்பே அது அசையத் தொடங்கிவிட்டது. பாஸிடம் காட்டிய ஆட்டமும் இதுவாகவே இருக்கலாம்.

புதுத் தகரம் சுற்ற வேண்டாம். 25.4 ஸ்டெம் ஒன்று வாங்குங்கள், டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இப்போது வருகிற மவுண்டன் பைக்குகள் 31.8 அல்லது 35 என்பதால் கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார், மறுத்துவிடுங்கள். ஹேண்டிலில் தகரம் கீறிய கோடு நகத்தில் தட்டுப்பட்டால் ஹேண்டிலையும் மாற்றிவிடுங்கள். அப்படியானால் 31.8 சோடியாகவே வாங்கலாம், தேடுகிற வேலை மிச்சம். மரையில் கிறீஸ் பூசி, நான்கையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு தங்கையிடம் நகப்பூச்சு வாங்கி, தட்டில் இருந்து ஹேண்டிலுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்தால் அசைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைக்குப் போகும்போது ஹேண்டிலையும், விட்டம் அளக்கும் வெர்னியர் ஒன்றையும் கொண்டுபோங்கள். நடுவில் அளந்து பாருங்கள், தம்பி. கைபிடிக்கும் ஓரத்தில் அளந்தால் எல்லா மவுண்டன் ஹேண்டிலும் 22.2 தான் காட்டும்.