புதுப்பிப்பு: 33 ஈஜேபி மினி, கூரை வெள்ளை முடிந்தது

1964 மான்டே கார்லோ ராலியில் பேடி ஹாப்கர்க் ஓட்டி ஜெயித்த, 33 ஈஜேபி என்ற பதிவெண் கொண்ட சிவப்பு மினி கூப்பர் எஸ் காரை 1:24 அளவு மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். சிவப்பு உடம்பும் வெள்ளைக் கூரையும் சேருமிடத்தில் கோடு சுத்தமாக வர என்ன வழி என்பதுதான் அப்போதைய கேள்வி.

பலர் சொன்னபடி வெள்ளையை முதலில் அடித்தேன். சிவப்பை முதலில் அடித்தால் அதன் நிறமி மேலே வரும் வெள்ளையில் ஊறி, கூரை ரோஸ் கலராகிவிடும். வெள்ளை நன்றாகக் காய்ந்ததும் கூரையோர மழைநீர்க் காடியை ஒட்டி டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் மட்டும் மெல்லிசாக கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) விட்டேன். டேப்புக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளியை அது அடைத்துவிடுகிறது. பிறகு வரும் சிவப்பு உள்ளே கசிய வழியில்லை. சிவப்புக்கு அடியில் லேசான ரோஸ் பூச்சு கொடுங்கள், ரெண்டு மெல்லிய கோட்டிலேயே நிறம் நின்றுவிடும். டேப்பை உரித்தபோது கோடு அவ்வளவு கூர்மை!

அப்புறம் சக்கரம். அசல் வண்டியில் 10 அங்குலம், நம் அளவில் பத்தரை மில்லிமீட்டர்தான். பெரிய சக்கரம் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் மினியின் முகமே மாறிவிடும். அதனால் அளவை மாற்றவில்லை.

கதவில் 37ஆம் எண்ணும் முன்பக்க விளக்குகளும் பாக்கி. அந்த வண்டியின் இன்ஜின் 1071 சிசி என்பதால் கிட்டில் வந்த 1275 எழுத்தை ஒட்டப்போவதில்லை.