ஒரே நாளில் ஸ்நார்க்லிங்கும் ஜிப் லைனும் (கோத்தா கினபாலு): சேலத்திலேயே என்ன தயார் பண்ணிக்கணும்?

ஐந்துரோடு_85 கேட்டது:

ஏப்ரல் கடைசியில், பசங்க பரீட்சை முடிஞ்சதும், குடும்பத்தோட மலேசியாவின் கோத்தா கினபாலு போறோம். அங்க தீவுகள் சேர்ந்த கடல் பூங்காவான துங்கு அப்துல் ரஹ்மான் பார்க்குக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியுது. அந்த நாளில் சாப்பி தீவில் ஸ்நார்க்லிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு மிதந்துக்கிட்டே கடலடியைப் பார்க்கிறது), காயா தீவிலிருந்து சாப்பிக்குக் கடல் மேலேயே வயரில் தொங்கி வர்ற 250 மீட்டர் ஜிப் லைன், ரெண்டையும் முடிக்கணும்.

நான் 96 கிலோ, தொப்பை உண்டு, மீசை உண்டு, ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 3.5 பவர். மனைவி 57 கிலோ, நீச்சல் தெரியாது, ஏற்காடு பஸ்ஸில் எட்டாவது வளைவு தாண்டுறதுக்குள்ள வாந்தி. பையன் 12 வயசு, 34 கிலோ. பொண்ணு 8 வயசு, 21 கிலோ.

எதை முதல்ல பண்றது? மாஸ்க் இங்கேயே வாங்கணுமா, அங்க வாடகைக்கு எடுத்தா போதுமா? பொண்ணை ஜிப் லைன்ல ஏத்துவாங்களா? போறதுக்கு முன்னாடி சேலத்திலோ ஏற்காட்டிலோ பழகிக்க வழி இருக்கா? டூர் ஏஜென்ட்கிட்ட கேட்டா "எல்லாம் அங்க பாத்துக்குவாங்க சார்"ங்கிறதோட முடிச்சுக்கிறார்.

உப்புத்தண்ணி:

கடல் பக்கத்தை மட்டும் சொல்றேன். கயிறு சமாச்சாரத்துக்கு வேற ஆள் வருவாங்க.

மாஸ்க், ஸ்நார்க்கல் ரெண்டையும் நாலு பேருக்கும் இங்கேயே வாங்கிடுங்க. காலில் மாட்டுற துடுப்பு, லைஃப் ஜாக்கெட் அங்க வாடகைக்குப் போதும். மாஸ்க் முகத்துக்கு முகம் மாறும். வாடகைக் கூடையில் உங்களுக்குப் பொருந்துறது இருந்தா அது அதிர்ஷ்டம்தான்.

பொருத்தம் பார்க்க ஒரே வழிதான். பட்டையை முன்பக்கம் தூக்கிப் போட்டுட்டு, மாஸ்க்கை முகத்தில் லேசா ஒட்டவைங்க. மூக்கால மெல்ல மூச்சை இழுத்து அடக்கிக்கிட்டு கையை எடுங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் விழாம ஒட்டி நின்னா அது உங்க மாஸ்க். எங்கேயாவது காத்து "ஸ்ஸ்"னு உள்ள வந்தா, என்ன பிராண்டா இருந்தாலும் வெச்சுட்டு அடுத்ததைப் போடுங்க. பட்டையை இறுக்கினா சரியாயிடும்னு கடைக்காரர் சொல்வார், ஆகாது. இறுக்க இறுக்க சிலிக்கான் ஓரம் மடங்கி இன்னும் அதிகமா ஒழுகும். பட்டை தலையின் பின்மேட்டில் உட்காரணும், காதுக்கு நேராக் கட்டக் கூடாது.

மீசை விஷயம்: மூக்குக்கு நேர் கீழே, ஓரம் உட்கார்ற இடத்தில் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு ஒட்ட ட்ரிம் பண்ணுங்க. மனசு வரலைன்னா அந்த இடத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். அன்னிக்குக் காலையில் முகத்தில் தேங்காயெண்ணெயும் வேண்டாம், நெற்றியில் சன்ஸ்கிரீனும் வேண்டாம். மாஸ்க் வழுக்கும், க்ரீம் கண்ணுக்குள்ள இறங்கி எரியும்.

கண்ணாடி போட்டுக்கிட்டு மாஸ்க் போட முடியாது, காம்பு இடிச்சு ஓரம் தூக்கிடும். பவர் லென்ஸ் வெச்ச மாஸ்க் அரை பவர் அரை பவரா கிடைக்குது. தண்ணிக்குள்ள எல்லாமே மூணில் ஒரு பங்கு பெருசாத் தெரியும்ங்கிறதால உங்களுக்கு மைனஸ் 3 போதும், 3.5 கிடைச்சாலும் தப்பில்ல.

புது மாஸ்க் கண்ணாடியில் ஃபாக்டரியிலேயே மெல்லிய சிலிக்கான் படலம் இருக்கும். அதை எடுக்காம போனா என்ன தடவினாலும் ஆவி பிடிக்கும். ஜெல் இல்லாத வெள்ளை டூத் பேஸ்ட்டை உள்பக்கம் விரலால் ரெண்டு நிமிஷம் தேய்ச்சுக் கழுவுங்க. ரெண்டு மூணு தடவை இப்படி. பிளாஸ்டிக் லென்ஸா இருந்தா இது கூடாது, கீறிடும். தண்ணியில் இறங்குறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி லேசா அலசினா போதும். அதுக்கப்புறமும் ஆவி பிடிக்குதுன்னா மூக்கால மூச்சு விடுறீங்கன்னு அர்த்தம்.

முகம் முழுக்க மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கைப் பிள்ளைகளுக்கு வாங்காதீங்க. மலிவானதில் வெளிவிட்ட காத்தே திரும்ப உள்ள சுத்தும், கரியமில வாயு சேர்ந்து தலை கிறுகிறுக்கும். பதட்டத்தில் சட்டுனு கழட்டவும் வராது.

பழக்கம் சேலத்து நீச்சல் குளத்திலேயே ஆகட்டும். மூணு நாள் போதும். முதல் நாள் இடுப்பளவு தண்ணியில் நின்னபடியே முகத்தை மட்டும் வெச்சுப் பத்து நிமிஷம் வாயால மூச்சு, அவ்வளவுதான். ரெண்டாவது நாள் ஸ்நார்க்கலை வேணும்னே முக்கித் தண்ணி நிரப்பி, "தூ"ன்னு ஒரே வீச்சில் ஊதித் தள்ளணும். மெல்ல ஊதினா பாதி தண்ணி குழாயிலேயே தங்கிடும், அடுத்த மூச்சில் அதைக் குடிப்பீங்க. அப்புறம் மாஸ்க்குக்குள்ள பாதி தண்ணி விட்டு, மேல் விளிம்பை நெற்றியோட அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி மூக்கால ஊதி வெளியேத்துங்க. மூணாவது நாள் லைஃப் ஜாக்கெட்டோட மிதந்து, குப்புறக் கிடக்கிற நிலையிலிருந்து மல்லாக்கப் புரளப் பழகணும். உங்க வீட்டம்மாவுக்கு இந்த மூணாவது நாள்தான் முக்கியம். நீச்சல் தெரியாதவங்க பயந்ததும் நிமிர்ந்து நிக்கப் பார்ப்பாங்க, கால் எட்டாது, பயம் ரெட்டிப்பாகும். மல்லாக்கப் புரண்டா ஜாக்கெட் தாங்கிக்கும். ஜாக்கெட்டில் தொடைக்கு நடுவே வர்ற பட்டையைக் கட்டாயம் மாட்டணும், இல்லேன்னா அது காதுவரைக்கும் ஏறிக்கும்.

கடலில் இறங்கினதும் நீரோட்டத்துக்கு எதிரா முதல்ல போங்க. திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும். கயிறு மிதவை கட்டின எல்லைக்குள்ளேயே இருங்க, வெளியே படகு ஓடும். பவளத்து மேல நிக்கவே கூடாது: அது சாகும், உங்க கால்ல கிழிபட்ட புண்ணும் சீக்கிரம் ஆறாது. மணலில் நடந்தா காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, திருக்கை விலகிப் போயிடும். தண்ணி 28, 29 டிகிரி இருக்கும், வெதுவெதுன்னுதான் தோணும். ஆனா முக்கால் மணி நேரத்தில் சின்னவளுக்கு உதடு நீலம் பூத்துடும், ஏத்திடுங்க.

அந்தப் பக்கக் கடலில் பாக்ஸ் ஜெல்லிங்கிற கொடிய சொறி மீன் உண்டு. நாலு பேருக்கும் முழுக்கை, முழுக்கால் ரேஷ் கார்டு (உடம்பை ஒட்டின நீச்சல் உடை) வாங்குங்க. பட்டுட்டா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. வினிகரை அரை நிமிஷமாவது விடாம ஊத்திட்டு உடனே லைஃப் கார்டைக் கூப்பிடுங்க. மூச்சு வாங்கினா ஒரு நிமிஷமும் தாமதிக்காம ஆஸ்பத்திரி.

கொண்டைஊசி_20:

கயிறு பத்தி நான் சொல்றேங்க.

முதல்ல எடை. ஒவ்வொரு லைனுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை ரெண்டும் உண்டு. புக் பண்றப்பவே நாலு பேர் எடையையும் எழுதி அனுப்பி, "ஏத்துவீங்களா"ன்னு பதில் வாங்கிக்கோங்க. மேல் எல்லை எதுக்குன்னு எல்லாருக்கும் புரியும்: கனமான ஆள் வேகமா வந்து பிரேக்கில் மோதுவார். கீழ் எல்லைதான் ஜனங்களுக்குப் புரியாது. வயர் நேர்கோடா இருக்காது, நடுவுல தொங்கும். கடைசிக் கொஞ்ச தூரம் லேசா மேல் நோக்கித்தான் ஓடும். 21 கிலோ குழந்தைக்கு அந்த ஏத்தத்தைத் தாண்டுற வேகம் இருக்காது. கடல் காத்து எதிர்ல அடிச்சா இன்னும் மோசம். மேடைக்குப் பத்து மீட்டர் முன்னாடி நின்னு, பின்னோக்கி உருண்டு நடுக்கடலுக்கு மேல தொங்கும். அதனால பொண்ணைத் தனியா விட மாட்டாங்க. ரெண்டு பேர் சேர்ந்து போற டாண்டம் ஏற்பாடு இருந்தா ஊழியரோட அனுப்பலாம். இல்லேன்னா விட்டுடுங்க. "அப்பா மடியில் வெச்சுக்கட்டும்"னு எவனாவது சொன்னா, அந்த இடத்தை விட்டே வந்துடுங்க.

உங்களுக்கு 96 கிலோ பிரச்சனை இல்லைன்னாலும் தொப்பை பிரச்சனை. இடுப்பு பெல்ட் தொப்பைக்குக் கீழே வழிஞ்சு உட்கார்ந்தா, தலைப்பக்கம் கனமாகிக் கவிழ வாய்ப்பு இருக்கு. மார்புப் பட்டையும் சேர்ந்த ஃபுல் பாடி ஹார்னஸ் கேளுங்க. தொடைப் பட்டைக்குள்ள உள்ளங்கை நுழையணும், முஷ்டி நுழையக் கூடாது. பக்கிளைத் தாண்டிப் பட்டையின் வால் நாலு விரல்கடையாவது மிச்சம் இருக்கணும். மேடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி, வயரில் மாட்டினதும், ஒரு தடவை மடங்கி உட்கார்ந்து முழு எடையையும் ஹார்னஸுக்குக் கொடுத்துப் பாருங்க. எங்க அழுத்துதுன்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

வயரோட உங்களைச் சேர்க்கிறது ஒண்ணுக்கு ரெண்டு இணைப்பா இருக்கணும்: ஒண்ணு வயரில் உருளுற கப்பி, இன்னொண்ணு பேக்கப். ரெண்டு காராபினரும் (மாட்டுற கொக்கி வளையம்) தானாப் பூட்டிக்கிற வகையா, இல்லேன்னா மறை திருகினதா இருக்கணும். அப்படியே வயர் முனையைப் பாருங்க. வயரை மடிச்சு யூ போல்ட் கிளிப் போட்டிருந்தா, வளைஞ்ச யூ பக்கம் வெட்டின குட்டை வால் மேலேயும், தட்டையான சேணம் பாரம் தாங்குற நீள வயர் மேலேயும் உட்கார்ந்திருக்கணும். மாத்திப் போட்டா யூ அந்த பாரம் தாங்குற வயரையே நசுக்கும். ஒரே ஒரு கிளிப்பைப் பாத்தாலே அந்த இடத்தில் வேலை தெரிஞ்சவன் இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சுடும். அழுத்திப் பொருத்தின உலோகக் குப்பி இருந்தா இந்தக் கேள்வியே இல்ல, துரு மட்டும் பாருங்க. உப்புக்காத்துல துரு முனையிலதான் ஆரம்பிக்கும்.

ஓடும்போது கை பட்டையில் இருக்கணும், வயரில் அல்ல. முன்னால நீட்டி வயரைப் பிடிச்சா விரல் சக்கரத்துக்கு அடியில போகும். காலை மடக்கிக் குறுக்கினா வேகம் கூடும், கையைக் காலை விரிச்சா குறையும். நடுவுல நின்னுட்டா ஆட்டாதீங்க. ஊழியர் கயிறோட வருவார்.

தாலிக்கொடியைக் கழட்டச் சொன்னா வீட்ல மனசு வராது. ரேஷ் கார்டுக்குள்ள விட்டுக் கழுத்து ஜிப்பை ஏத்திட்டா போதும். துப்பட்டா, தொங்கட்டான், அவிழ்த்த முடி மூணும் கூடாது. கப்பியில் முடி சிக்கினா நடுவழியில் யாராலயும் எடுக்க முடியாது.

எது முதல்ல? என்னைக் கேட்டா ஜிப் லைன். ஈர உடம்பு, மணல், உப்பு, அது மேல தொடைப் பட்டை: தோல் உரிஞ்சுடும்.

பழகணும்னா ஏற்காட்டில் தனியார் லைன்கள் இருக்கு. மே கோடை விழா கூட்டத்துக்கு முன்னாடி ஒரு வார நாள் காலையில் ஏறுங்க. பனி மூடி வயர் நனைஞ்சிருந்தா காத்திருங்க, ஈர வயரில் கையால பிடிக்கிற பிரேக் வழுக்கும். கோடையில் மதியத்துக்கு மேல இடி மழை வரும். இடிச் சத்தம் கேட்டப்புறமும் ஆள் ஏத்துற இடத்தில் ஏறாதீங்க.

மூக்கனேரி_மீன்கொத்தி:

எதை முதல்லங்கிறதில் கொண்டைஊசியோட நான் ஒத்துப்போகலை. காலையில் கடல் தட்டையா இருக்கும். மதியம் நெருங்க நெருங்கக் காத்து கிளம்பி மணல் கலங்கிடும், சுற்றுலாக் கூட்டமும் சேரும். கலங்கின தண்ணியில் ஸ்நார்க்லிங் பண்றது பாட்டில் அடிமண்டியைப் பார்க்கிற மாதிரி. ஜிப் லைனுக்குத் தண்ணி தெளிவா இருந்தா என்ன, கலங்கினா என்ன? ஜெஸல்டன் பாயின்ட் படகுத்துறையில் முதல் படகைப் பிடிங்க, சாப்பிக்குக் கால் மணி, இருபது நிமிஷம். போனதுமே கவுன்டரில் ஜிப் லைனுக்குப் பதினொண்ணரை போல பேர் கொடுத்துட்டு இறங்குங்க. பதினொண்ணுக்கு ஏறி நல்ல தண்ணியில் குளிச்சு, முட்டிவரைக்கும் வர்ற காய்ஞ்ச ஷார்ட்ஸ் மாத்திட்டா தோல் உரியாது. அப்புறம் காயாவுக்குப் படகில் கூட்டிட்டுப் போய் மேலே ஏத்துவாங்க. செருப்பு பின்பட்டை வெச்சதா இருக்கட்டும். சாப்பாடு ஜிப் லைன் முடிஞ்சு, மழை மேகம் கட்டுறதுக்குள்ள திரும்பும் படகு. போன உடனே லைன் அன்னிக்கு ஓடுதான்னு கேட்டுக்கோங்க, பராமரிப்புக்கு நிறுத்தி வைக்கிறது சகஜம்.

அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி முன்னாடி. அங்க காலை 8 மணி, உங்க உடம்புக்கு 5.30. முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தூங்கிடுங்க.

இருபது வளைவில் வாந்தி வர்றவங்களுக்குப் படகிலும் வரும். டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி, இங்க ஏற்காடு போறப்பவே ஒரு தடவை போட்டுப் பாருங்க. சிலருக்கு அது அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வரவைக்கும், தூக்கக் கலக்கத்தோட தண்ணியில் இறங்கக் கூடாது. படகில் பின்பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாக்கச் சொல்லுங்க.

சாப்பியில் குரங்கும் பெரிய உடும்பும் சாப்பாட்டு மேஜை பக்கமே சுத்தும். ஏற்காட்டுக் குரங்கைச் சமாளிச்சவங்களுக்குப் புதுசில்ல, பையை ஜிப் போட்டு வைங்க.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து கோத்தா கினபாலுக்கு இன்னும் ரெண்டரை மணி. உள்நாட்டு விமானம்தானேன்னு பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுடாதீங்க. சபா மாநிலத்துக்குத் தனி இமிகிரேஷன், மறுபடி முத்திரை குத்துவாங்க. மலேசியா டிஜிட்டல் வருகை அட்டையைப் போறதுக்கு மூணு நாளுக்குள்ள நிரப்பணும். பார்க் கட்டணம் படகுக் கட்டணத்தில் சேராது, வெளிநாட்டவருக்கு அது கூடுதல். ரிங்கிட் ரொக்கமா வெச்சுக்கோங்க.

ஐந்துரோடு_85:

ரொம்ப நன்றிங்க. பொண்ணுக்கு ஜிப் லைன் கிடையாதுன்னு இப்பவே சொல்லிட்டேன், ஒரு வாரம் அழுகைக்கு நேரம் இருக்கு. இன்னொண்ணு: அங்கேயே நீச்சல் தெரியாதவங்களுக்கும் ஸ்கூபா (காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு ஆழத்தில் முங்குறது) ஒரு தடவை காட்டுறாங்களாம். நான் மட்டும் சாயங்காலம் அதையும் முடிச்சுட்டு, மறுநாள் காலை 6 மணி விமானம் பிடிக்கலாமா?

உப்புத்தண்ணி:

சாயங்காலம் கூடாது. ஸ்நார்க்லிங்கில் மேற்பரப்புக் காத்தையே மூச்சு விடுறதால ஒண்ணும் இல்ல. ஸ்கூபாவில் அழுத்தக் காத்து, ரத்தத்தில் நைட்ரஜன் கரைஞ்சு தங்கும். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் குறையும்போது அது குமிழியாகி மூட்டுவலியில் ஆரம்பிச்சு நரம்பு வரைக்கும் போகும். ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும். 4 மணிக்கு மேலே வந்தா மறுநாள் 6 மணிக்கு 14 மணி நேரம்தான் ஆகியிருக்கும். கணக்குக்குப் பாஸ், ஆனா படகு தாமதமானா அதுவும் போச்சு. காலையிலேயே முடிங்க, இல்ல விட்டுடுங்க.

மலைக்கும் இதே கதைதான். புதுச்சேரியில் காலையில் டைவ் முடிச்சுட்டு, சேலம் வழியா அன்னிக்குச் சாயங்காலமே ஏற்காட்டில் ரூம் போடுறவங்க இருக்காங்க. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அன்னிக்கு ராத்திரி அடிவாரத்திலேயே தங்கிட்டு மறுநாள் மலை ஏறுங்க.