பாதத்தில் இருப்பது ஆணியா, மருவா? பிளாஸ்டர் ஒட்டியும் திரும்ப வருகிறது

கேள்வி:
13 வயதுப் பையன். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே மிளகு அளவில் தோல் தடித்திருக்கிறது, நான்கு மாதமாக. கால் ஆணி என்று நினைத்து ஆணிக்கான பிளாஸ்டரைப் பத்து நாள் ஒட்டியதில் மேல்தோல் வெள்ளையாக உரிந்தது. பிறகு அதே இடத்தில் மறுபடியும் வந்துவிட்டது. இப்போது பக்கத்திலேயே சின்னதாக இன்னும் இரண்டு. நடுவில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. வேரோடு வெட்டி எடுத்தால்தான் போகும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மருதான். ஆணி அழுத்தத்தால் வருவது. பக்கத்தில் குட்டி போடாது.

உறுதி செய்ய, குளித்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் பாதத்து ரேகைகளைப் பாருங்கள். ஆணியாக இருந்தால் ரேகை தடிப்பின் மேலும் தொடர்ந்து ஓடும். மருவாக இருந்தால் அதன் விளிம்பில் நின்று, சுற்றிக்கொண்டு போகும். அடுத்து, இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளிப் பாருங்கள். மரு கிள்ளினால் அதிகம் வலிக்கும், ஆணி நேராக அழுத்தினால் அதிகம் வலிக்கும். கரும்புள்ளிகளைச் சிலர் விதை என்பார்கள். அவை இரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். அதனால்தான் மருவைச் சுரண்டினால் புள்ளி புள்ளியாக இரத்தம் கசிகிறது.

காரணம் எச்.பி.வி. வைரஸ். பாதத்தில் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள வகைகள் வேறு, அந்தப் பயம் வேண்டாம். ஈரத்தில் ஊறிய பாதத்தின் நுண்ணிய கீறல் வழியாக வைரஸ் நுழைகிறது. மரு கண்ணுக்குத் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் எங்கே தொற்றியது என்று தேடிப் பயனில்லை.

மருவுக்கு வேர் கிடையாது. வைரஸ் இருப்பது மேல்தோலின் செல்களில் மட்டும், உட்தோலுக்குள் இறங்குவதில்லை. உடல் எடை உள்ளே அமுக்குவதால் ஆழமாகப் போனதுபோல் தெரிகிறது, அவ்வளவே. வெட்டினால் உட்தோலும் சேர்ந்து வெட்டுப்படும். உள்ளங்காலில் விழும் தழும்பு காலடி வைக்கும்போதெல்லாம் வலிக்கலாம், அதன் ஓரத்திலேயே மரு திரும்பவும் முளைக்கலாம். தயவுசெய்து பிளேடு எடுக்காதீர்கள்.

பதில் 2:
பிளாஸ்டர் தேர்வு தப்பில்லை, பத்து நாள்தான் தப்பு. அதில் இருக்கும் சாலிசிலிக் ஆசிட் வைரஸைக் கொல்லாது. தடித்த தோலை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பைக் கரைத்து, அடுக்கடுக்காக உரிய வைக்கும். பாதத்துக்கு 12 வாரம் வரை விடாமல் செய்ய வேண்டும்.

தினமும் இரவில் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் பாதத்தை ஊறவையுங்கள். வெள்ளையாகச் செத்த தோலை அட்டை அரத்தால் தேயுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். தேய்க்காவிட்டால் ஆசிட் செத்த தோல்மேலேயே உட்கார்ந்திருக்கும், மருவைத் தொடாது. இரத்தம் கசியும் வரை தேய்க்க வேண்டாம். அந்த அரத்தை நகத்துக்கோ மற்ற காலுக்கோ பயன்படுத்தவே கூடாது, வைரஸ் அதிலேயே பரவும். நன்றாகத் துடைத்து, சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலைன் தடவுங்கள். பிறகு 17 சதவீத சாலிசிலிக் ஆசிட் திரவத்தை மருவின் மேல் மட்டும் வைத்து, காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். திரவம் எளிதில் தீப்பற்றும், அடுப்புக்கு அருகில் வேண்டாம். 40 சதவீத பிளாஸ்டர் என்றால் மருவின் அளவுக்கே வெட்டி ஒட்டி, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

புண்ணாகி எரிந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். சர்க்கரை நோய், காலில் மரத்துப்போதல், இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள் இதை வீட்டில் செய்யவே கூடாது. உணர்ச்சி இல்லாத காலில் ஆசிட் புண் ஆழமானது தெரியாமலே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 12 வாரம் பையன் பொறுப்பானா என்று தெரியவில்லை. திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் ஒரே தடவையில் போய்விடுமா?

பதில் 3:
ஒரே தடவையில் போவது அபூர்வம். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவத்தைச் சில விநாடிகள் வைப்பார்கள், கொப்புளம் வரும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். வலியும் கூடுதல். 2011இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பாத மரு உள்ள 240 பேரிடம் இதையும் சாலிசிலிக் ஆசிட்டையும் ஒப்பிட்டார்கள். 12 வார முடிவில் இரண்டிலும் முழுதாகக் குணமானவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம்தான். ஆகவே மேலே சொன்ன 12 வாரத்தை முடிவுத் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் உறைய வைக்கும் ஸ்ப்ரே அந்த அளவு குளிராது, தடித்த உள்ளங்கால் தோலுக்கு அது போதவே போதாது.

பையனுக்குச் சாதகமான விஷயம், பிள்ளைகளுக்கு மரு தானாகவே போகும் வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் ஆண்டுக்குள், மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு ஆண்டுக்குள் மறைந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் வைரஸைக் கண்டுகொண்டதும் எல்லா மருவும் சேர்ந்தே உதிர்வது உண்டு. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பு மருந்தை ஒரு மருவுக்குள் ஊசியாகப் போடும் சிகிச்சை நம்புவது இதைத்தான். பிடிவாதமான மருவுக்குத் தோல் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். வலி இல்லையென்றால் சும்மா விட்டு வைப்பதிலும் தவறில்லை.

அதுவரை பரவாமல் பாருங்கள்: டேப் ஒட்டியே இருக்கட்டும், துண்டு தனியாக, பொதுக் குளியலறையில் செருப்பு, வியர்த்த காலுறையை உடனே மாற்றுதல். பிய்க்க விடாதீர்கள். பெரியவர்களுக்குப் புதிதாக வந்து, புண்ணாகி, தானாக இரத்தம் கசிந்து, வேகமாக வளர்ந்தால் மருந்து எதுவும் போடாமல் முதலில் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாகத் தோல் புற்றும் மரு போலவே இருக்கும்.

பதில் 2 எழுதியவர்:
12 வாரத்தைப் பற்றிய திருத்தம் சரி. எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். தடிப்பு தட்டையானதும் நிறுத்துகிறார்கள், மரு திரும்புவது அதனால்தான். மேலே சொன்ன அந்த ரேகைகள் மரு இருந்த இடத்தில் மறுபடியும் தடையில்லாமல் ஓடுவது தெரியும் வரை போடுங்கள்.