குடும்பக் குழுவில் பிளேக்: லண்டன், பிஸ்டோயா, ரகூசா

குழு: நம்ம வீட்டு ஆட்கள்
ஞாயிற்றுக்கிழமை

நிலா (காலை 7:10)
அத்தை, வியாழக்கிழமை எனக்கு செமினார். தலைப்பு "மத்தியகால ஐரோப்பிய ஊர்களில் பொதுச் சுகாதாரமும் பிளேக்கும்". 15 நிமிஷம்தான். எங்கேர்ந்து தொடங்கட்டும்?

அம்மா (7:14)
📷 பறவை மூக்கு முகமூடி போட்ட வைத்தியர்
இத முதல் ஸ்லைடா வை கண்ணு. பார்த்தாலே பயமா இருக்கு.

அத்தை (7:21)
சாந்தி, அந்தப் படம் வேண்டாம். அந்த மூக்கு உடுப்பு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிரெஞ்சு அரண்மனை வைத்தியர் ஷார்ல் த லோர்ம் பேரோட சேர்த்துச் சொல்லுவாங்க. பெரிய பிளேக் சிசிலித் தீவுல மெசினா துறைமுகத்துக்கு வந்தது 1347 அக்டோபர்ல. நடுவுல முந்நூறு வருஷம் கிட்ட இருக்கு.

அத்தை (7:24)
நிலா, வியாதிலேர்ந்து தொடங்காதே, ஊர்லேர்ந்து தொடங்கு. அந்தக் காலத்து ஜனங்க அழுக்குலயே கிடந்தாங்க, அதான் செத்தாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஊர்ப் பதிவேடுகளைப் பார்த்தா வேற மாதிரி இருக்கு. சாக்கடைக்கும் மலக்குழிக்கும் கசாப்புக் கழிவுக்கும் சட்டம் போட்டு, அபராதம் வாங்கி, மறுபடி மறுபடி போராடியிருக்காங்க. அந்த உழைப்பெல்லாம் நாற்றத்தைத் துரத்தினதுல போச்சு. பிளேக் வந்த வழி வேற.

குமரன் (7:26)
👍 அத்தை சொல்றதுதான் முதுகெலும்பு. கிருமி பக்கம் நான் எழுதறேன். ஊர் பக்கம் எங்க அப்பா, உன் பெரியப்பா.

பெரியப்பா (7:48)
லண்டனை எடுத்துக்கொள், நிலா. கட்டட விதிகள் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டன. மலக்குழிக்குக் கல்சுவர் கட்டியிருந்தால் அதன் வாய் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்க வேண்டும். கல் இல்லாமல் வெறும் மண்குழி என்றால் மூன்றரை அடி. மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் நகர மன்றத்தில் முறையிடலாம். 1301 முதல் 1431 வரையிலான அந்த வழக்குப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. யார் குழி யார் சுவருக்குள் கசிகிறது என்று பக்கம் பக்கமாக.

பெரியப்பா (7:53)
இதில் என்ன குறை என்று ஒரு ஸ்லைடு வை. அந்த விதி காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சுவரையும் நிலவறையையும். கிணற்றை அல்ல. கழிவு நீர் மண்ணுக்குள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. நாங்கள் உறிஞ்சுகுழி போடும்போது கிணற்றிலிருந்து 10 மீட்டருக்குக் குறையாமல் தள்ளச் சொல்வோம், மணற்பாங்கான மண் என்றால் இன்னும் அதிகம். இரண்டரை அடி என்பது ஒரு மீட்டர்கூட இல்லை. மத்தியகால மலக்குழி மண்ணில் உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் இன்றும் கிடைக்கின்றன. வயிற்றுப்போக்கு, டைபாய்டு எல்லாம் இந்த வழியில் வரக்கூடியவை.

நிலா (7:55)
குழி நிறைஞ்சா என்ன பண்ணுவாங்க பெரியப்பா?

பெரியப்பா (8:02)
அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். ராத்திரியில்தான் வேலை. மேல்பலகையைக் கழற்றி, வாளியால் மொண்டு, பீப்பாயில் நிரப்பி, வண்டியிலோ படகிலோ ஊருக்கு வெளியே கொண்டுபோவார்கள். கூலி நல்ல கூலி, ஆனால் உயிருக்கு ஆபத்தான வேலை. குழிக்குள் நிற்கும் விஷவாயு ஒருபக்கம், ஈரத்தில் உளுத்த பலகை இன்னொரு பக்கம். 1326-இல் ரிச்சர்ட் என்ற தெருக்கூட்டும் தொழிலாளி தன் வீட்டுக் கழிவறைப் பலகை உடைந்து குழிக்குள் விழுந்து இறந்தது லண்டன் மரண விசாரணைப் பதிவில் இருக்கிறது.

அம்மா (8:05)
ஐயோ. இங்க இன்னும் அந்தக் குழியில மனுஷங்க இறங்கிச் சாகறாங்களே மாமா.

பெரியப்பா (8:06)
ஆமாம் அம்மா. எழுநூறு வருஷம் கழித்தும். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மா (8:11)
அப்போ குடிக்கத் தண்ணி? தண்ணியே குடிக்க மாட்டாங்க, பீர்தான் குடிப்பாங்கன்னு படிச்சேனே.

அத்தை (8:19)
அதுவும் தப்புச் செய்தி சாந்தி. குடிக்காத தண்ணிக்கா மூணு மைல் கிட்ட ஈயக்குழாய் போடுவாங்க? டைபர்ன் ஊற்றுத் தண்ணியை எடுக்க லண்டனுக்கு 1237-ல உரிமை கிடைச்சது. 1245 வாக்குல வேலை தொடங்கி, சீப்சைடு கடைத்தெருவுல தொட்டி கட்டினாங்க. பம்ப் கிடையாது, மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத் தானா ஓடி வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஊத்தத் தண்ணி சுமக்கறவங்க இருந்தாங்க. பீர் காய்ச்சறவங்க மொத்தத் தண்ணியையும் பிடிச்சுக்கறாங்கன்னு புகார் வந்து, 1345-ல அவங்களைத் தடுத்து உத்தரவு போட்டாங்க.

பெரியப்பா (8:23)
திருட்டு இணைப்பும் உண்டு. 1478-இல் ஃப்ளீட் தெரு மெழுகுவர்த்தி வியாபாரி ஒருவர் பொதுக்குழாயைத் துளைத்துத் தன் வீட்டுக்குத் தண்ணீர் இழுத்தார். தலையில் சிறிய தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒன்றை வைத்து, தண்ணீர் ஒழுக ஒழுக, குதிரையில் ஊர் சுற்ற வைத்தார்கள்.

குமரன் (8:40)
இப்போ கிருமி. நிலா, இதை வரிசை மாறாம எழுதிக்கோ.

கிருமி பேரு யெர்சினியா பெஸ்டிஸ். 1894-ல ஹாங்காங்ல அலெக்ஸாண்டர் யெர்சின் கண்டுபிடிச்சார். எலி வழியா தெள்ளுப்பூச்சி பரப்புதுன்னு 1898-ல கராச்சியில பால் லூயி சிமோன் சோதனை பண்ணிக் காட்டினார். மத்தியகாலத்து ஆளுக்கு இது ரெண்டுமே தெரியாது.

பரவுற விதம்: தெள்ளுப்பூச்சி நோய் வந்த எலியைக் கடிக்கும். பூச்சியோட குடல் வாசல்ல கிருமி கட்டியா அடைச்சுக்கும். குடிச்ச ரத்தம் உள்ளே போகாது. பசியில திரும்பத் திரும்பக் கடிக்கும், ஒவ்வொரு கடியிலும் அடைச்சிருக்கறது கொஞ்சம் வெளியே கக்கும். எலி செத்து உடம்பு சில்லிட்டா பூச்சி அதைவிட்டு இறங்கிடும். பக்கத்துல வேற எலி இல்லேன்னா மனுஷன்தான்.

குமரன் (8:46)
கடிச்சு ஒரு வாரத்துக்குள்ள காய்ச்சல். தொடையிடுக்கு, அக்குள், கழுத்து, இதுல எங்கயாவது நெறி கட்டும். மருந்து இல்லேன்னா நூத்துக்கு 30 முதல் 60 பேர் வரை போயிடுவாங்க. நுரையீரலுக்கு ஏறிட்டா இருமல்ல மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்கே பரவும். மருந்து இல்லாம அதுல பிழைக்கறது ரொம்ப அபூர்வம்.

நிலா (8:48)
அந்தக் காலத்துல இந்த ரெண்டு வகையையும் பிரிச்சுப் பார்த்தாங்களா அண்ணா?

அத்தை (8:57)
பார்த்தாங்க! கி த ஷோலியாக், பிரான்ஸ்ல அவிஞ்ஞோன்ல இருந்த போப் ஆறாம் கிளெமெண்ட்டோட வைத்தியர். காய்ச்சலோட ரத்தம் துப்பினா மூணு நாள்ல சாவு, நெறி கட்டி வந்தா அஞ்சு நாள்னு ரெண்டா பிரிச்சு எழுதி வச்சார். ஊரை விட்டு ஓடாம இருந்து, தனக்கே நோய் வந்து பிழைச்சவர். இந்த மனுஷனை விட்டுடாதே நிலா. 1348 அக்டோபர்ல பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் ராஜாவுக்குக் கொடுத்த அறிக்கையில, 1345 மார்ச் 20-ல சனி, வியாழன், செவ்வாய் மூணும் கும்ப ராசியில சேர்ந்ததால காத்து கெட்டுப்போச்சுன்னு எழுதினாங்க. கட்டில் பக்கத்துல நின்னு பார்த்ததுக்கும் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதுக்கும் உள்ள வித்தியாசம் அது.

குமரன் (9:01)
ஸ்பெயின்ல கிரனாடாவுல இருந்த அறிஞர் இப்னு அல் கதீப்பையும் சேர்த்துக்கோ. நோயாளியைத் தொட்டவங்களுக்கு வருது, ஒதுங்கி இருந்தவங்களுக்கு வரல, ஒரு துணியோ பாத்திரமோ போன வீட்டுக்கு நோயும் போகுது, அதனால இது தொற்றுதான்னு துணிஞ்சு எழுதினவர்.

அம்மா (9:05)
↪ முன்னனுப்பப்பட்டது: "1233-ல் போப் பூனைகளைக் கொல்லச் சொன்னார். பூனை இல்லாததால் எலி பெருகி பிளேக் வந்தது."
இது சரியா குமரா?

குமரன் (9:12)
இல்ல சித்தி. ஒன்பதாம் கிரிகோரி 1233-ல அனுப்பின கடிதத்துல ஒரு கறுப்புப் பூனை வருது, ஜெர்மனியில மதவிரோதிகள் சடங்கு பண்றாங்கன்னு சொல்ற இடத்துல. பூனையைக் கொல்லுங்கன்னு அதுல உத்தரவே இல்ல. பிளேக் வந்தது நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு. இன்னொண்ணு, பூனைக்கே பிளேக் வரும். அமெரிக்காவுல இப்பவும் பூனைகிட்டேர்ந்து மனுஷங்களுக்கு வந்த கேஸ் இருக்கு.

அத்தை (9:30)
இப்ப பிஸ்டோயா. இத்தாலியில ஃபிளாரன்ஸ் பக்கத்துல சின்ன ஊர். 1348 மே 2-ல விதிகள் போட்டாங்க, எழுத்துல அப்படியே இருக்கு. உன் பேச்சுக்கு நடு இதுதான்.

பீசா, லூக்கா ரெண்டு ஊருக்கும் யாரும் போகக்கூடாது, அங்கேர்ந்து யாரும் வரக்கூடாது. பழைய துணி, லினனோ கம்பளியோ, வெளியூர்லேர்ந்து உள்ளே வரக்கூடாது. சொந்த உபயோகத்துக்குச் சின்ன மூட்டை, 30 ராத்தலுக்குள்ள இருந்தா விடலாம். பிணத்தை மரப்பெட்டியில வச்சு, மூடி ஆணி அடிச்சு, நாற்றம் வராம ஆன பிறகுதான் வீட்டைவிட்டு எடுக்கணும். குழி இரண்டரை பிராச்சோ ஆழம், அதாவது ஒன்றரை மீட்டர் கிட்ட. சாவு மணி அடிக்கக்கூடாது. நோயில கிடக்கறவன் காதுல விழுந்து பயப்படுவானேன்னு. தோல் பதனிடறது ஊர்ச்சுவருக்கு உள்ளே கூடாது. கசாப்புக் கடைக்கும் கண்காணிப்பு.

பெரியப்பா (9:34)
இதில் எது உதவியது, எது உதவவில்லை என்று குமரன் பிரித்துச் சொல்லட்டும். மாணவர்கள் கேட்பார்கள்.

குமரன் (9:44)
பழைய துணித் தடை நிஜமாவே உதவக்கூடியது. பூச்சி துணி மடிப்புல, தானியத் தூசியில வாரக்கணக்கா உயிரோட இருக்கும். அவங்க நினைச்சது துணியில கெட்ட காத்து ஒட்டியிருக்குன்னு. ஆழமான குழி, தோல், கசாப்பு எல்லாம் நல்ல சுகாதாரம், ஆனா பிளேக்கை நிறுத்தாது. எலி இருந்தது கூரையில, பரண்ல, தானியக் கிடங்குல. கறுப்பெலி நல்லா ஏறும். மரச்சட்டம், மண் பூசின சுவர், வைக்கோல் கூரை, அதுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. அந்த மே 2 விதியில கூரையைப் பத்தியோ எலியைப் பத்தியோ பேச்சு இல்ல, பாருங்க.

அத்தை (9:49)
போக்குவரத்துத் தடையை மே 23-லயே எடுத்துட்டாங்க. நோய் ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு, வியாபாரம் மட்டும் நின்னுபோச்சு. கதவை முழுசா மூடினா ஊர் பட்டினி, முழுசா திறந்தா சாவு. இந்த முடிச்சைத்தான் 29 வருஷம் கழிச்சு ரகூசா அவிழ்த்தது.

நிலா (9:50)
ரகூசான்னா இப்போ டுப்ரோவ்னிக்?

அத்தை (10:03)
அதேதான். ஏட்ரியாடிக் கரையில கப்பல் வியாபாரத்தையே நம்பி இருந்த ஊர். 1377 ஜூலை 27-ல பெரிய மன்றம் தீர்மானம் போட்டது. பிளேக் உள்ள இடத்திலேர்ந்து வர்றவங்க, உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ, ஒரு மாசம் மர்கன் தீவுலயோ சாவ்தாத் ஊர்லயோ இருந்துட்டுத்தான் நகருக்குள்ள வரணும். மர்கன் ஆளில்லாத பாறைத் தீவு. தரை வழியா வர்ற வணிகக் கூட்டத்துக்குச் சாவ்தாத் தோதான இடம். அனுமதி இல்லாம யாராவது அங்கே போய் வந்தா அவங்களும் ஒரு மாசம் அங்கேயே இருக்கணும். வியாபாரம் நிக்காது, 30 நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நோயாளியை ஒதுக்கறது பழைய வழக்கம். பார்வைக்கு நல்லா இருக்கறவனையும் நாள் கணக்கு வச்சு நிறுத்தினது புதுசு. அதைச் செஞ்சது வைத்தியர்கள் இல்ல, கப்பல் எங்கேர்ந்து வருதுன்னு கவனிச்ச வணிகர் மன்றம்.

குமரன் (10:10)
கணக்கும் சரியா வரும். நோய் வெளியே தெரிய அதிகபட்சம் ஒரு வாரம். 30 நாள்ல தொத்தினவன் விழுந்திருப்பான், இல்ல தேறியிருப்பான். ஓட்டை எங்கேன்னா, கப்பல் எலி. கயிறு பிடிச்சு இறங்கிடும், அதுக்கு எந்தத் தீர்மானமும் தெரியாது. அப்புறம் சரக்கு. ஆளை நிறுத்திட்டு மூட்டையை உள்ளே விட்டா பூச்சி மூட்டையோட வந்துடும்.

அத்தை (10:18)
அதைத்தான் வெனிஸ் அடைச்சது. 1423-ல ஒரு தீவுல நோயாளிகளுக்கு நிரந்தர மருத்துவமனை, அரசுச் செலவுல. 1468-ல இன்னொரு தீவு, சந்தேகப்பட்ட கப்பல், ஆள், சரக்குக்கு. மூட்டையைப் பிரிச்சு, காத்தாட வச்சு, ஜூனிப்பர் செடி, ரோஸ்மேரி புகை போடுவாங்க.

பெரியப்பா (10:22)
வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்தால் பூச்சி பிழைக்காது. புகையைவிட அதற்கே பலன் அதிகம் இருந்திருக்கும்.

குமரன் (10:25)
ஆமா அப்பா. ஈரப்பதம் குறைஞ்சா தெள்ளுப்பூச்சி சீக்கிரம் சாகும்.

குமரன் (10:31)
தப்பாப் போன முறை ஒண்ணும் சொல்லணும். நோயாளியோட வீட்டார் எல்லாரையும் ஒரே வீட்டுல வச்சு அடைக்கறது. மிலான்ல 1348-ல வீட்டுக்கே சுவர் வச்சு அடைச்சதா அந்தக் காலத்து எழுத்து சொல்லுது. எலியும் பூச்சியும் உள்ள வீட்டுக்குள்ள நல்லா இருக்கறவங்களையும் பூட்டினா அது மரண தண்டனைதான். 1374-ல அதே மிலான் பிரபு பெர்னாபோ விஸ்கோந்தி போட்ட ஆணையில, நோயாளியைப் பார்த்துக்கிட்டவங்க 10 நாள் ஒதுங்கி இருக்கணும்னு வந்தது. அது எவ்வளவோ தேவலை.

நிலா (10:34)
லண்டன்ல என்ன ஆச்சு?

அத்தை (10:47)
1348 இலையுதிர்காலத்துல வந்தது. கிழக்கு ஸ்மித்ஃபீல்டுல புதுசா மயானம் திறந்தாங்க. 1980-கள்ல அகழ்ந்தப்போ நீளப் பள்ளத்துல அஞ்சு அடுக்கு வரை உடல்கள், ஆனா வரிசையா, கிழக்கு மேற்கா, மரியாதையா வச்சிருந்தது தெரிஞ்சது. அவ்வளவு சாவுக்கு நடுவுலயும் அள்ளிக் கொட்டல. அந்தப் பல்லுலேர்ந்து எடுத்த மரபணுவை வச்சுத்தான் 2011-ல கிருமி இதுதான்னு உறுதியாச்சு. 1349-ல மூன்றாம் எட்வர்ட், தெருவெல்லாம் மலம், காத்து கெடுது, முன்ன மாதிரி சுத்தம் பண்ணுங்கன்னு மேயருக்கு எழுதினார். கூட்டி அள்றவங்களும்தானே செத்துக்கிட்டு இருந்தாங்க! 1388-ல நாடு முழுக்கச் சட்டம்: சாணம், குடல், குப்பையை ஆத்துலயோ அகழியிலயோ போட்டா 20 பவுண்டு (இங்கிலாந்துப் பணம்) அபராதம். அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கிற தொகை.

அத்தை (10:52)
யூதர்கள் கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு பழி போட்டு, 1349 பிப்ரவரி 14-ல ஸ்ட்ராஸ்பூர்க்ல நூத்துக்கணக்கானவங்களை எரிச்சதையும் கட்டாயம் சொல்லணும். அப்போ அந்த ஊருக்குள்ள பிளேக் இன்னும் வரவே இல்ல. யூதர்களும் இதே நோயில சாகறாங்களே, அவங்க எப்படிக் காரணமாவாங்கன்னு போப் கிளெமெண்ட் 1348-லயே ஆணை போட்டிருந்தார். கேக்கல.

நிலா (10:58)
இப்போ இந்த நோய்க்கு மருந்து இருக்கு இல்லையா அண்ணா?

குமரன் (11:03)
இருக்கு. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின். முதல் நாளே கொடுத்தா பெரும்பாலும் பிழைப்பாங்க. நுரையீரல் வகைக்கு 24 மணி நேரம் தாண்டக்கூடாது. சூரத்துல 1994-லயும் மடகாஸ்கர்ல 2017-லயும் பிளேக் பரவினதை ஒரு வரியில சொல்லிடு.

அம்மா (11:06)
கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கே, அது இந்த நோய்க்குத்தானா அண்ணி?

அத்தை (11:09)
அதே நோய்தான் சாந்தி. 1896-ல பம்பாய்க்கு வந்து அங்கேர்ந்து பரவினது. ஆனா நிலா தலைப்பு மத்தியகாலம், அதுல இதை நுழைக்க வேண்டாம்.

நிலா (11:12)
ஒரே சந்தேகம். ரகூசா 30 நாள்னா, "குவாரண்டைன்"னா 40 நாள்னு சொல்றாங்களே, அந்த 40 எப்படி வந்தது?

அத்தை (11:20)
அடுத்த நூற்றாண்டுல துறைமுகம் துறைமுகமா 40-க்கு மாறினாங்க. கிறிஸ்தவ நோன்பு 40 நாள், கடுமையான நோய் 40 நாளுக்குள்ள முடிஞ்சிடும்னு பழைய வைத்திய நம்பிக்கை, ரெண்டும் சேர்ந்திருக்கலாம்னு சொல்றாங்க. ஸ்லைடுல 1377-க்குப் பக்கத்துல 30-ன்னுதான் போடணும். நிறையப் பேர் அங்கேயே 40-ன்னு எழுதிடறாங்க.

பெரியப்பா (11:24)
மலக்குழிக்குக் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரை. குழி, எல்லைச் சுவர், கிணறு மூன்றும் ஒரே படத்தில் இருக்கட்டும். நிலத்தடி நீர்மட்டக் கோட்டைப் போட மறக்காதே. வரைந்ததும் இங்கே போடு, அளவுகளைப் பார்த்துத் தருகிறேன்.

நிலா (11:25)
சரி பெரியப்பா. சாயங்காலத்துக்குள்ள போடறேன் 🙏