எக்ஸிக்யூட் இம்போர்ட் ஆகவில்லை – கிஸ்கிட்டை எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தம்_பிசிஏ
வணக்கம் அண்ணா. பைத்தான் ஓரளவு வரும், மேட்ரிக்ஸ் பெருக்கல் தெரியும். லேப்டாப் 8 ஜிபி ராம். வீடியோ பார்த்து கிஸ்கிட் (குவாண்டம் புரோகிராம் எழுதுற பைத்தான் லைப்ரரி) போட்டேன், சர்க்யூட்டை ஓட்டுற எக்ஸிக்யூட், லேப்டாப்லயே குவாண்டம் கம்ப்யூட்டர் மாதிரி நடிச்சுக் காட்டுற ஏர் சிமுலேட்டர் ரெண்டுமே இம்போர்ட் ஆகல. என்ன பண்ணணும்? எத்தனை கியூபிட் (குவாண்டம் பிட்) வரை தாங்கும்? எந்த புரோகிராம்ல ஆரம்பிக்கலாம்?

காட்பாடி_கியூபிட்
தம்பி, அந்த வீடியோ கிஸ்கிட் 1.0-க்கு முந்தினது. 2024 பிப்ரவரியில வந்த 1.0-ல எக்ஸிக்யூட்டை எடுத்துட்டாங்க. ஏர் சிமுலேட்டர் இப்ப தனி பேக்கேஜ். பழைய கிஸ்கிட் மேலேயே அப்கிரேட் பண்ணாதீங்க, ரெண்டும் மோதிக்கும். புதுசா ஒரு வென்வ் (தனி பைத்தான் சூழல்) உருவாக்கி அதுல கிஸ்கிட், கிஸ்கிட்-ஏர் ரெண்டையும் பிப்ல போடுங்க. எக்ஸிக்யூட் இருந்த இடத்துல முதல்ல டிரான்ஸ்பைல் (சர்க்யூட்டை சிமுலேட்டருக்கு ஏத்த மாதிரி மாத்துறது), அப்புறம் ஏர்சிமுலேட்டரோட ரன்.

ராம் கணக்கு: ஸ்டேட்வெக்டர்ங்கிறது எல்லா கியூபிட்டோட நிலையையும் சேர்த்து வெச்சிருக்கிற எண் பட்டியல், அதுல ஒரு எண்ணுக்கு 16 பைட். 25 கியூபிட்டுக்கு அரை ஜிபி, 28-க்கு 4 ஜிபி, 29-க்கு 8 ஜிபி. ஒண்ணு கூடினா இரட்டிப்பு. வேலூர் கத்திரி வெயில்ல 28-ஐ ஓட்டி லேப்டாப்பை வாட்ட வேணாம், படிக்க 5 போதும்.

ஆற்காடு_ஹடமார்டு
பலரும் பெல் ஸ்டேட்ல (ரெண்டு கியூபிட்டைப் பிணைச்சு ரெண்டுலயும் எப்பவும் ஒரே விடை வர வைக்கிறது) ஆரம்பிக்கச் சொல்வாங்க. ஒரே கியூபிட்ல ஆரம்பிங்க, அதுதான் அஸ்திவாரம். 0-வை 0, 1 பாதிக்குப் பாதி கலவையா மாத்துற ஹடமார்டு கேட்டை ரெண்டு தடவை போட்டு 1024 ஷாட் (1024 தடவை) ஓட்டுங்க: அத்தனையும் 0. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெஷர் (0-வா 1-ஆன்னு அளக்குறது) வைங்க, கடைசி மெஷர்ல பாதிக்குப் பாதி வரும். மெஷருக்குப் பதிலா இசட் கேட் (1-ஓட குறியை மாத்துறது) வைங்க, அத்தனையும் 1. சுண்டின காசை மறுபடி சுண்டினா நிச்சயமான விடை வராது, இங்கே வருது. ஆம்ப்ளிட்யூடுக்கு (வாய்ப்பைத் தீர்மானிக்கிற எண்) மைனஸ் குறி உண்டு, ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். மூணையும் முதல்ல தாள்ல 2×2 மேட்ரிக்ஸா பெருக்கி விடை எழுதிட்டு அப்புறம் ஓட்டுங்க.

பிறகு பெல். 00, 11 ரெண்டும் சரியா 512 வராது. 480-லிருந்து 544 வரை ஆடுறது சகஜம். சிமுலேட்டர்ல 01, 10 வந்தா சர்க்யூட் தப்பு.

குடியாத்தம்_பிசிஏ
ஓடுது அண்ணா! ஆனா ரெண்டு கியூபிட்ல 0-வது கியூபிட்டுக்கு எக்ஸ் கேட் (0-வை 1 ஆக்குறது) போட்டா 10 வரும்னு நினைச்சேன், 01 வருது.

காட்பாடி_கியூபிட்
அது சரிதான். கிஸ்கிட்ல 0-வது கியூபிட் வலது ஓரம், நம்ம ஒன்றாம் இடம் மாதிரி. பல புத்தகங்கள் இடமிருந்து எழுதும், அதனால சி-நாட் (ஒரு கியூபிட் 1-ஆ இருந்தா மட்டும் இன்னொண்ணைப் புரட்டுற கேட்) மேட்ரிக்ஸும் வேற மாதிரி தெரியும்.

ஆற்காடு_ஹடமார்டு
அடுத்து 3 கியூபிட்ல குரோவர் (குவாண்டம் தேடல் அல்காரிதம்) எழுதுங்க, தேடுற விடை ஒண்ணே ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டு. ஒரு சுற்றுல விடை கிடைக்கிற வாய்ப்பு 78%, ரெண்டுல 94.5%, மூணாவதுல 33%-க்கு விழும். கோட்ல தப்புன்னு பலர் குழம்புற இடம் இது. ஒவ்வொரு சுற்றும் ஸ்டேட்டை ஒரே கோணத்துல திருப்புது. சென்னையிலிருந்து வர்றவர் காட்பாடியில இறங்காம ஜோலார்பேட்டை போன கதைதான் மூணாவது சுற்று.