இழுத்து வரப்பட்ட பின் நகர மறுக்கும் ஓட்டோ கியர் வாகனம்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

பழுதாகி இழுத்து வரப்பட்ட ஓட்டோ கியர் (தானாகவே கியர் மாறும்) வாகனம் திருத்தத்துக்குப் பின்னர் நகரவில்லையென்றால், கியர் பெட்டி முடிந்துவிட்டது, வேறு பெட்டிதான் போட வேண்டும் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கு முன்னர் பார்க்க வேண்டியவை பல உள்ளன என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம்மில் பலர் இருபது, இருபத்தைந்து வயதான வான்களையே பேணிப் பேணி ஓடினோம், இன்றும் ஓடுகிறோம். அத்தகைய வாகனத்துக்குக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பெட்டியை எடுப்பித்துப் பூட்டுவது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பை விழுங்கும் செலவு.

என்னுடையது டீசலில் ஓடும் டவுன்ஏஸ் நோவா, பின்சக்கரங்களால் இயங்குவது. கனகராயன்குளம் தாண்டியதும் ரேடியேட்டர் குழாய் வெடித்து, வெப்பமானி சிவப்புக்கு ஏறியதால் நிறுத்திவிட்டேன். வந்த இழுவை லொறிக்காரர் விபரம் அறிந்தவர். ஓட்டோ வாகனத்தைப் பின்சக்கரங்கள் உருள இழுக்கக் கூடாது என்று கூறி, வீதியோரத்திலேயே படுத்து, கியர் பெட்டியையும் பின் அச்சையும் இணைக்கும் நீண்ட தண்டான புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றி வானுக்குள் வைத்தார். கழற்றும் முன்னர் இணைப்புத் தட்டுகள் இரண்டிலும் வெள்ளை நிறத்தில் ஒரு கோடு இழுத்து அடையாளமிட்டார். மீண்டும் பூட்டும்போது அதே நிலையில் பூட்டாவிட்டால் ஓட்டத்தில் அதிர்வு ஏற்படும் என்பது அதன் காரணம். பின்னர் வானின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு இழுத்து வந்தார்.

குழாயும் தேர்மோஸ்டாட்டும் மாற்றி, ஷாஃப்டையும் பூட்டி, எஞ்சினை இயக்கி, லீவரை முன்னே செல்லும் டி (D) இலக்கத்தில் போட்டபோது வான் அசையவில்லை. எஞ்சின் சத்தம் ஏறியதே தவிர சக்கரம் திரும்பவில்லை. பின்னே செல்லும் ஆர் (R) இலக்கத்திலும் அவ்வாறே. திருத்திய கராஜில் பெட்டி எரிந்துவிட்டது என்றார்கள். அவர்களைப் பிழை சொல்வதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. அறிகுறி அப்படித்தான் இருந்தது.

பரந்தன் பக்கத்தில் ஓட்டோ பெட்டிகள் மட்டும் பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முதலில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பின்னர், “தம்பி, எப்படி இழுத்து வந்தவர்கள்? எந்தப் பக்கம் தூக்கி இருந்தது?” என்று கேட்டார். அதன் பிறகு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வானின் அடியில் நுழைந்தார். கியர் பெட்டியின் வால் முனையிலிருந்து பின் அச்சு வரைக்கும் அடித்தகடெங்கும் செம்மண் புழுதி ஈரமாக ஒட்டிப் படை படையாக இருந்தது. விரலால் வழித்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். அது ஏ.ரி.எப்., அதாவது ஓட்டோ கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒயில்.

நடந்தது இதுதான். புரொப்பலர் ஷாஃப்டின் முன்முனை கியர் பெட்டியின் வாலுக்குள் செருகியிருக்கும். அதனை உருவினால் அங்கே ஒரு திறந்த வாய் மிஞ்சும். வான் சமதளத்தில் நின்றால் பெரிதாக ஒழுகாது. முன்பக்கத்தைத் தூக்கினால் ஒயில் முழுவதும் பின்னோக்கிச் சரிந்து அந்த வாய் வழியாக வெளியேறும். ஒரு பழைய ஷாஃப்ட் முனையைச் செருகியோ, தடித்த பொலித்தீனைச் சுற்றி டியூப் பட்டியால் இறுக்கிக் கட்டியோ அந்த வாயை அடைத்திருக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றியது முற்றிலும் சரியான வேலை, அதன் இரண்டாம் பாதிதான் விடுபட்டுப் போனது.

ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் நுனியில்கூட ஒயில் படவில்லை. வறண்ட பெட்டியுடன் எஞ்சின் சில நிமிடங்கள் ஓடியிருந்ததால் அவர் உடனே ஒயில் ஊற்றவில்லை. முதலில் பெட்டியின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான அடிப்பானைக் கழற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தைத் துணியில் துடைத்துக் காட்டினார். மை போன்ற சாம்பல் நிறப் பசை மட்டுமே இருந்தது. பல ஆண்டுகள் ஓடிய எந்தப் பெட்டியிலும் அது இருக்கும். துகள்களோ சுருள்களோ இல்லை. அதன் பின்னரே வடிகட்டியும் வால் ஒயில் சீலும் புதிதாகப் பூட்டி, ஒயில் ஊற்றி, எஞ்சினை இயக்கினார். பிரேக்கை அழுத்தியபடி லீவரை எல்லா இலக்கங்களுக்கும் மெதுவாகக் கொண்டுசென்று மீண்டும் வாகனத்தை நிறுத்தி வைக்கும் பி (P) இலக்கத்தில் வைத்து, எஞ்சின் ஓடும் நிலையிலேயே அளவு பார்த்தார். குறைந்தது, மீண்டும் ஊற்றினார். டி இலக்கத்தில் போட்டதும் வான் மெல்லத் தலையசைத்து முன்னே நகர்ந்தது.

இன்றுவரை அந்தப் பெட்டிதான் ஓடுகிறது.

வவுனியாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் கராஜ் தொழிலில் இருப்பவன். மேலே எழுதிய அண்ணனின் வான் தப்பியதற்குக் காரணம், இழுக்கும்போது பெட்டியின் உள்ளுறுப்புகள் சுழலாமல் இருந்தமையே. மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

ஓட்டோ கியர் பெட்டிக்குள் ஒயிலை அனுப்பும் பம்பை, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் டோர்க் கொன்வேர்ட்டர் சுழற்றுகிறது, கொன்வேர்ட்டரை எஞ்சின் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இயங்கும் சக்கரங்கள் நிலத்தில் உருண்டால் அவற்றோடு பெட்டியின் வெளியேறு தண்டும் பற்சக்கரங்களும் ஒயிலின்றிச் சுழலும். ‘என்’ (N, நியூட்ரல்) இலக்கத்தில் போட்டுத்தானே இழுத்தோம் என்று பலர் கேட்கிறார்கள். ‘என்’ இலக்கம் எஞ்சினை மட்டுமே பிரித்துவிடும், சக்கரத்தைப் பெட்டியிலிருந்து பிரிக்காது. சில தயாரிப்பாளர்கள் குறைந்த வேகத்தில் குறுகிய தூரம் இழுக்க அனுமதிப்பதுண்டு. அந்த எல்லை வாகனத்துக்கு வாகனம் வேறுபடும், சிலர் அறவே கூடாதென்கிறார்கள். பம்ப் சுழலாத இதே காரணத்தால்தான் இக்காலத்து ஓட்டோ வாகனத்தைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. உழவு இயந்திரத்தைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய முயன்று, பிறகு எங்களிடம் கொண்டுவருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் டைமிங் பெல்ட் அறுந்து நின்ற முன்சக்கர இயக்கக் கார் ஒன்றைப் பிக்கப்பில் கயிறு கட்டி, மாங்குளம் சந்திக்கு வந்து, அங்கிருந்து ஏ9 வழியாக நல்ல வேகத்தில் வவுனியா வரை இழுத்து வந்திருந்தார்கள். நான்கு சக்கரங்களும் நிலத்தில். பெல்ட் மாற்றியதும் எஞ்சின் ஓடியது, காரும் ஓடியது. உரிமையாளர் மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றார். சில நாட்களில் திரும்பி வந்தார். ரிவர்ஸ் நன்றாக இருந்தது. முன்னோக்கிப் போட்டால் மட்டும் தாமதித்துப் பிடித்தது, ஏற்றத்தில் எஞ்சின் வேகம் ஏற, கார் அதற்கேற்ப ஏறவில்லை, கூடவே மெல்லிய ஊளைச் சத்தம்.

இவ்வாறான நிலையில் நான் முதலில் செய்வது கால அளவைப் பார்ப்பது. எஞ்சின் சூடேறி, சும்மா ஓடும்போது, கைப்பிரேக் இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, ‘என்’ இலக்கத்திலிருந்து டி இலக்கத்துக்கு மாற்றிய கணத்திலிருந்து பெட்டி பிடிக்கும் அதிர்வு வரும் வரை அளக்க வேண்டும். டொயோட்டாவின் பழைய கையேடுகளில் டி இலக்கத்துக்கு 1.2 செக்கனுக்குள், ஆர் இலக்கத்துக்கு 1.5 செக்கனுக்குள் என்று இருக்கும். கைத்தொலைபேசியின் கடிகாரமே போதும். இரண்டும் தாமதமானால் ஒயில் குறைவு, வடிகட்டி அடைப்பு, பம்ப் அழுத்தக் குறைவு ஆகியவற்றையே முதலில் நினைக்க வேண்டும். ஒன்று மட்டும் தாமதமானால் பெட்டிக்குள் அந்த இலக்கத்துக்குரிய கிளச்சில் தேய்மானம் இருக்கலாம். இந்தக் காரில் டி மட்டும் தாமதித்தது.

பிரேக்கை மிதித்துக்கொண்டு அக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பார்க்கும் ஸ்டோல் சோதனையைப் பலர் முதலிலேயே செய்துவிடுகிறார்கள். இழுத்து வந்த பழைய வாகனத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஐந்து செக்கனுக்கு மேல் அழுத்தினால் நல்ல பெட்டியிலேயே ஒயில் மிகவும் சூடாகிவிடும், தேய்ந்த கிளச் அந்த ஒரே சோதனையில் எரிந்துவிடும். கூட்டம் கூடி நிற்கும் இடத்தில் பிரேக் பிடிக்காமல் வாகனம் பாய்ந்தால் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடிப்பானைக் கழற்றினோம். காந்தத்தில் ஒட்டியது குறைவு. ஆனால் பானின் அடியில், ஒயிலைச் சாய்த்து வெயிலில் பிடித்தபோது, பித்தளை நிறத்தில் மெல்லிய பொடி மினுங்கியது. அதனைக் காந்தம் இழுக்காது. அது பெட்டிக்குள் தண்டுகளைத் தாங்கும் புஷ்களின் பொடி. ஒயிலின்றித் தண்டு சுழன்றதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கிளச் தட்டு தேய்ந்தால் கறுப்புத் தூளும் எரிந்த வாடையும் வரும், இங்கே அவையும் இருந்தன. பெட்டியை இறக்கிப் பிரித்தபோது முன்னோக்கிய கிளச்சின் தட்டுகள் கருகியிருந்தன, வெளியேறு பக்கத்துப் புஷ்கள் ஒரு புறமாகத் தேய்ந்திருந்தன. தட்டுகள், சீல்கள், புஷ்கள் மாற்றிப் பூட்டினோம். முதல் நாளிலேயே பானைக் கழற்றிப் பார்த்திருந்தால், தட்டுகளையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆகவே, இழுத்து வந்த வாகனம் நன்றாக ஓடினாலும், எப்படி இழுத்தார்கள் என்று தெரியாவிட்டால் பானைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் உறுப்பினர்:

இழுத்ததால் வந்த பழுதையும், இழுக்க வைத்த பழுதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு வாகனம் அதிகம் சூடாகி நின்று இழுத்து வரப்பட்டது. பிறகு கியர் வழுக்கியது. எல்லோரும் இழுத்தவரையே குறை சொன்னார்கள். டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்துப் பார்த்தபோது ஒயில் சிவப்பாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை, பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பாக இருந்தது. கியர் ஒயிலைக் குளிரச் செய்யும் சிறு குழாய் பெரும்பாலான பழைய வாகனங்களில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். கூலன்ட் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் அக்குழாய் உள்ளே அரித்துத் துளை விழும். ஒயிலும் நீரும் கலக்கும். நீர் கிளச் தட்டுகளின் ஒட்டுப்பசையை இளக்கிவிடும் என்பதால் அந்த நிலையில் ஒரு மைல்கூட ஓடக் கூடாது. ரேடியேட்டரை மாற்றி, குளிர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, பானில் இருந்த ஒயிலை வடித்துப் புதிதாக ஊற்றி, சிறிது ஓட்டி மீண்டும் வடித்தோம். ஒருமுறை வடித்தால் பானில் உள்ளது மட்டுமே வெளியேறும், கொன்வேர்ட்டருக்குள் இருப்பது அப்படியே தங்கும். நிறம் தெளியும் வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் பெட்டி தப்பியது. நீர் கலந்து நாட்கணக்கில் ஓடியிருந்தால் தப்பியிராது என்று மெக்கானிக் கூறினார்.

மல்லாவியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மிகச் சிறிய காரணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பற்றரி இறங்கினால் பல வாகனங்களில் லீவர் பி இலக்கத்திலேயே பூட்டிக்கொள்ளும். இழுக்க வருபவர்கள் அடியில் சென்று, லீவர் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, கையாலேயே ‘என்’ இலக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். என் மைத்துனரின் வாகனத்தில் கேபிளை மீண்டும் மாட்டியவர், அதனைப் பிடித்து வைக்கும் சிறு கிளிப்பைப் போடவில்லை. கேபிள் கழன்றுவிட்டது. உள்ளே லீவர் டி காட்டியது, பெட்டியோ ‘என்’ இலக்கத்திலேயே கிடந்தது. பெட்டி போய்விட்டது என்று விலைகூடப் பேசிவிட்டார்கள். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒருவர் உள்ளே லீவரை அசைக்க மற்றவர் அடியில் பெட்டியின் கை அசைகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். கிளிப்பைப் போட்ட பின்னர், ‘பி’, ‘என்’ ஆகிய இரு இலக்கங்களில் மட்டும் ஸ்டார்ட் ஆகிறதா, டி இலக்கத்தில் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். கேபிளின் நீளம் சரியாகப் பூட்டப்பட்டதா என்பதை அதுவே காட்டிவிடும்.